தாராவியைப் பார்க்க வருகிறார்கள், காட்டுவது யார்?

போன பொங்கலன்று காலை ஏழு மணி இருக்கும். தாராவியில் எங்கள் சந்து வாசலில் மூன்று கல் கூட்டி, பானைக் கழுத்தில் மஞ்சள் குலை கட்டி, அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பால் பொங்கும் நேரம். குலவை போட நிமிர்ந்தவர் முகத்துக்கு நேராக ஒரு கேமரா நின்றது.

எட்டுப் பத்து உல்லாசப் பயணிகள். பாதிப் பேர் வெளிநாட்டவர், பாதிப் பேர் வட இந்தியர். கூட்டி வந்த வழிகாட்டி இளைஞன் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னான்: "இது தென்னாட்டவரின் ஹோலி போன்ற ஒரு பண்டிகை." அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும்.

"ஏல, நம்மள எதுக்குல படம் எடுக்கான்?" என்றார் அத்தை.

என்ன பதில் சொல்வது? ஊருக்குப் போனால் நாம் குற்றாலத்தைப் பார்க்கிறோம், மும்பைக்கு வந்தால் அவர்கள் நம் வீட்டு அடுப்பைப் பார்க்கிறார்கள் என்றா சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். பால் பொங்கி வழிந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வழிகாட்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அவனும் பிழைப்புக்கு வந்தவன்தான்.

நான் ரயில்வேயில் புக்கிங் குமாஸ்தா. எஸ்.எஸ்.சி.யோடு படிப்பு நின்றது. சுற்றுலாவைப் பற்றி எழுத எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. ஆனால் கூட்டம் என்றால் என்ன என்பது டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். அத்துடன், பார்க்க வருகிற இடத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்ற தகுதியும் உண்டு. ஆகவே எழுதுகிறேன்.

தாஜ்மகாலை முந்திய தாராவி

2019-ஆம் ஆண்டு 'டிரிப் அட்வைசர்' என்ற பயண நிறுவனம், பயணிகளின் விருப்பப்படி ஒரு விருதுப் பட்டியல் வெளியிட்டது. இந்தியாவில் பயணிகள் மிகவும் விரும்பிய அனுபவம் தாராவியைச் சுற்றிப் பார்ப்பது என்று அதில் வந்தது. தாஜ்மகால் பின்னுக்குப் போய்விட்டது. பத்திரிகைகள் எல்லாம் இதைக் கொட்டை எழுத்தில் போட்டன. நம்மவரில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலருக்குக் கோபம் வந்தது.

ஷாஜகான் தாஜ்மகாலைத் திட்டமிட்டுக் கட்டினான். பார்க்க வருவோருக்கு அரசாங்கம் டிக்கெட் போட்டிருக்கிறது, வரிசை வைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறையும் விட்டிருக்கிறது. தாராவியை யாரும் சுற்றுலாத் தலமாகத் திட்டமிடவில்லை. கூட்டம் தானாக வந்தது. 2008-ல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' 2009-ல் எட்டு ஆஸ்கார் பரிசுகளை வாங்கியதும் அது பெருகியது. 2018-ல் 'காலா', 2019-ல் 'கல்லி பாய்' என்று படங்கள் வந்துகொண்டே இருந்தன.

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் ஒரு வகையில் உல்லாசப் பயணிகள்தான். 1987-ல் 'நாயகன்' வந்த பிறகு, "வேலு நாயக்கர் வீடு எது?" என்று கேட்காமல் திரும்பிய விருந்தாளி குறைவு என்று அப்பா சொல்வார். அந்தப் படத்துத் தாராவியில் பெரும்பகுதி சென்னை ஸ்டூடியோவில் போட்ட செட் என்று சொன்னால் அவர்கள் நம்புவதே இல்லையாம்.

தலைச்சுமையுடன் நின்றவர்

பதின்மூன்றாம் காம்பவுண்டில் ஒரு நாள் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே நகரம் முழுவதும் கழித்த பிளாஸ்டிக் வந்து சேருகிறது. நிறம் பிரித்து, தரம் பிரித்து, அரைத்து, கழுவி, கூரை மேல் காயவைத்து, உருக்கிக் குருணையாக்கி மறுபடி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நம் வாளியும் குவளையும் பொம்மையும் அங்கிருந்து மறுபிறவி எடுத்தவையாக இருக்கலாம். வெளியூர்க்காரர் வாய் பிளந்து பார்க்கவேண்டிய தொழில்தான். மறுப்பதற்கில்லை.

சந்தின் அகலம் நாலடி. வழிகாட்டி நின்றுகொண்டு குருணை எப்படி உண்டாகிறது என்று விளக்குகிறார். பன்னிரண்டு பேர் சுற்றி நிற்கிறார்கள். பின்னால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றுவிட்டார். நெல்லைப் பக்கத்துக்காரர். இறக்கி வைக்க இடமில்லை. முன்னே போக வழியில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணாச்சி, இவங்க பாத்து முடிக்கதுக்குள்ள எங்கழுத்து ஒடிஞ்சிரும் போலிருக்கே!"

அவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து குழு வந்து, குழுவுக்குப் பத்து நிமிஷம் அவர் நின்றால், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான கூலியை உல்லாசப் பயணிகளுக்கு அவர் இனாமாகக் கொடுக்கிறார். டிக்கெட் வாங்கியவர்கள் யாருக்கும் இது தெரியாது. அந்தப் பன்னிரண்டு பேரில் கெட்டவர் எவரும் இல்லை. ஒரு பெண்மணி அவரைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். புன்னகைக்குப் பதில் புன்னகை செய்யும் நிலையில் அவர் கழுத்து இல்லை.

ரயில்வேயில் இதற்கு ஒரு பழைய விதி உண்டு. தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். 'பிளாக்' என்று பெயர். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அது வெளியேறும்வரை அடுத்த வண்டிக்குக் கைகாட்டி இறங்காது, எத்தனை பெரிய மனிதர் அதில் வந்தாலும் சரி. தாராவிச் சந்துக்கு வேண்டியது இந்த விதிதான். ஒரு சந்தில் ஒரு நேரத்தில் ஒரு குழு. விளக்கம் சொல்வதைத் திறந்த இடத்தில் சொல்லி முடித்துவிட்டு, சந்துக்குள் நிற்காமல் நடந்து போகவேண்டும். சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில் உள்ளே அனுமதி கிடையாது. இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஒரு கடிகாரமும், கையில் நோட்டுப் புத்தகத்தோடு சந்து முனையில் ஒரு ஆளும் போதும்.

நல்லதையும் சொல்லவேண்டும்

எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல. 'ரியாலிட்டி டூர்ஸ்' என்ற நிறுவனத்தைக் கிறிஸ் வே என்ற இங்கிலாந்துக்காரரும் கிருஷ்ணா பூஜாரி என்ற நம் நாட்டவரும் சேர்ந்து 2005-ல் தொடங்கினார்கள். தாராவியைச் சுற்றிக் காட்டுவதை முறையான தொழிலாகச் செய்தவர்களில் அவர்களே முன்னோடி. சிறு குழுவாகத்தான் போகவேண்டும், சந்துக்குள் படம் எடுக்கக்கூடாது, லாபத்தில் 80 சதவீதம் இங்கேயே கல்வி முதலான பணிகளுக்குத் திரும்பவேண்டும் என்ற விதிகளை அவர்கள் தாங்களாகவே வகுத்துக்கொண்டார்கள். அரசாங்கம் சொல்லிச் செய்ததல்ல.

ஆனால் ஒரு நிறுவனம் விரதம் இருந்தால் ஊர் முழுவதும் விரதம் இருந்ததாக ஆகாது. விதி நல்லது என்று தெரிந்த பிறகு அது எல்லாருக்கும் பொதுவாக வேண்டாமா? மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் இறங்கினால் இன்று யார் வேண்டுமானாலும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிடலாம். கேட்பார் இல்லை.

எங்கள் பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இளமையில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர். அவரிடம் இதைப் பேசினேன். "வறுமையைக் காட்டித் துட்டு பண்ணுதது ஒரு பொழப்பாடே? அடிச்சு வெரட்டுங்க" என்றார். அதே தெருவில் தோல் பை தைத்து விற்கும் கடைக்காரரோ, "அவங்க வந்தா ரெண்டு பை போகுது மாமா. நீங்க வெரட்டிராதீங்க" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் பெரியவர் கட்சிதான். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் கேமராக்காரர் ஒருவர் பின்னால் கல்லெடுத்துக்கொண்டு ஓடியவன் நான். இன்று என் அக்காள் மகன் வழிகாட்டி வேலைக்குப் போகிறான். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறான், மாதம் பிறந்தால் அம்மா கையில் பணம் கொடுக்கிறான். எந்தக் கல்லை நான் எடுப்பது?

2020-ல் கொரோனா வந்தபோது அந்த வேலையும் நின்றது. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். எங்களைக் கண்டு நகரமே நடுங்கியது. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லி, நோயைக் கட்டுப்படுத்தியதற்கு உதாரணமாகக் காட்டினார். அந்தக் கதையை இன்று எத்தனை வழிகாட்டிகள் சொல்கிறார்கள்? ஆசியாவிலேயே பெரிய சேரி என்ற பழைய பாட்டைத்தான் பலரும் பாடுகிறார்கள். கராச்சியில் ஒராங்கி என்ற இடம் தாராவியைவிடப் பெரியது என்று பல வருஷங்களுக்கு முன்பே அறிக்கைகள் வந்துவிட்டன. சேரியின் அளவில் முதல் பரிசு வாங்க நமக்கு ஆசையும் இல்லை.

எலிபெண்டாத் தீவில் விளக்கு எரிந்த கதை

திட்டமிட்ட சுற்றுலாத் தலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். கேட்வேயிலிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணம். எலிபெண்டாக் குகை. 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மும்பைக்கு வந்த தமிழன் ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகும் முதல் இடங்களில் அதுவும் ஒன்று. மூன்று முகச் சிவனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியிருப்பீர்கள்.

அந்தத் தீவில் மூன்று சிற்றூர்கள் இருக்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? அந்த ஊர்களுக்கு நிரந்தர மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில். கடலுக்கு அடியில் ஏழரை கிலோமீட்டர் கேபிள் போட்டுக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்பு சாயங்காலம் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும். அப்புறம் இருட்டு. உலகப் பாரம்பரியச் சின்னமாகி 31 வருஷம், நாடு சுதந்திரம் பெற்று 70 வருஷம். அத்தனை காலமும் கப்பல் கப்பலாக உல்லாசப் பயணிகள் வந்து போனார்கள். எதிரே மும்பை நகரத்தின் விளக்குகள் தெரிய, இருட்டில் உட்கார்ந்து அவர்கள் சோறு தின்றார்கள்.

இதை வெற்றி பெற்ற சுற்றுலாத் தலம் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். டிக்கெட் விற்றது, படகு நிரம்பியது. குமாஸ்தாவாக நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். தலத்தில் குடியிருப்பவனுக்குக் கணக்கில் ஒரு கட்டமே இல்லாமல் போனால் அப்படித்தான் ஆகும்.

படகுகளின் கதி என்ன? 2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டாவுக்குப் போன 'நீல்கமல்' படகின் மீது, எஞ்ஜின் சோதனையில் ஓடிக்கொண்டிருந்த கடற்படை வேகப் படகு மோதியது. 15 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் பயணிகள் அனைவரும் உயிர்காப்புச் சட்டை அணியவேண்டும் என்பதைக் கண்டிப்பாக்கினார்கள். சட்டை அதற்கு முன்பும் உலகத்தில் இருந்தது. எங்கள் சந்தில் தீப்பிடித்தால் பன்னிரண்டு வெளியூர்க்காரர்கள் எந்த வழியாக ஓடுவார்கள் என்று யாராவது இன்றைக்கு யோசித்திருக்கிறார்களா? அதற்கும் பதினைந்து பேர் சாகவேண்டுமா?

நம் பக்கத்தில் நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனவர்கள், கடல் மட்டம் தாழ்ந்த நாட்களில் பக்கத்துப் பாறையில் நிற்கும் திருவள்ளுவரைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு திரும்பவேண்டியிருந்தது. லீவு எடுத்து, ரிசர்வேஷன் கிடைக்காமல் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்த மும்பைத் தமிழனுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம்! 2024 டிசம்பரில் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். இப்போது ஒரு படகில் இறங்கினால் இரண்டையும் பார்க்கலாம். வருகிறவன் எங்கே ஏமாறுகிறான் என்று பார்த்து அந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

கழிப்பிடம் எங்கே?

சுற்றுலா மாநாடுகளில் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். இரண்டு மணி நேரம் தாராவியில் நடந்த பயணிக்கு ஒன்றுக்கு வருகிறது. எங்கே போவார்? நம் பெண்கள் காலையில் வரிசை நிற்கும் அதே கட்டணக் கழிப்பிடத்தில் அவரும் போய் நிற்கிறார். வெளிநாட்டு அம்மாளைப் பார்த்ததும் நம்மவர்கள் மரியாதைக்கு வழி விட்டுவிடுகிறார்கள். கம்பெனி ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட பெண் பின்னால் தள்ளப்படுகிறாள். எங்கள் ஸ்டேஷனில் வெளியூர் வண்டிப் பயணிக்குத் தனியாக ஓய்வறை எதற்குக் கட்டினோம்? லோக்கல் வண்டிக்கு ஓடுகிறவன் வழியை அவன் அடைக்கக்கூடாது என்றுதான்.

சந்துக்குள் நுழையும் முன்பே ஒரு இடம் வேண்டும். கூடி நிற்க, தண்ணீர் குடிக்க, காலைக் கடன் கழிக்க, விதிகளைக் கேட்டுக்கொள்ள, காசு கட்டி ரசீது வாங்க. அதற்கு ஏற்ற இடங்கள் தாராவியின் விளிம்பிலேயே கிடக்கின்றன.

மஹாராஷ்டிரா நேச்சர் பார்க் நம்மவர் பலருக்கு பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்த பச்சை. சுமார் 37 ஏக்கர். அது ஒரு காலத்தில் பம்பாயின் குப்பை மேடு. குப்பை மேல் மண் போட்டு, மரம் நட்டு, 1994-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று பட்டாம்பூச்சியும் பறவையும் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். குப்பை மேட்டையே பார்க்கத் தகுந்த இடமாக்கிய ஊர் இது.

அதற்குச் சற்றுத் தள்ளி, மித்தி நதிப் பக்கம் காலா கில்லா. பெஸ்ட் பஸ் டெப்போவின் பெயராகத்தான் நம்மவருக்கு அது தெரியும். கறுப்புக் கோட்டை என்று பொருள். உண்மையிலேயே அங்கே ஒரு கோட்டை நிற்கிறது. கவர்னர் ஜான் ஹார்ன் காலத்தில், 1737-ல் கட்டியது என்று கல்வெட்டே இருக்கிறது. தாஜ் ஹோட்டலைவிடவும், எங்கள் வி.டி. ஸ்டேஷனைவிடவும் நூற்றைம்பது வருஷம் மூத்தது. (சி.எஸ்.எம்.டி. என்று எழுதவேண்டும், ஆனால் நம்மவர் வாய்க்கு இன்னும் வி.டி.தான்.) வி.டி.யை 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கினார்கள். காலா கில்லாவைச் சுற்றியோ, நான் பார்த்த நாட்களிலெல்லாம், புதரும் குப்பையும்தான். அதைத் துப்புரவு செய்து, பக்கத்தில் ஒரு டிக்கெட் ஜன்னலும் கழிப்பிடமும் கட்டினால், தாராவியைப் பார்க்க வருகிறவன் முதலில் ஒரு கோட்டையைப் பார்ப்பான். அப்புறம் சந்துக்கு வரட்டும். அவன் பார்வையே வேறாக இருக்கும்.

இரண்டு தமிழர், இரண்டு காட்சி

மாட்டுங்காவுக்கும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். அங்கே அவர்களுக்குக் காட்டுவது இட்லி, தோசை, பில்டர் காபி, பூக்கடை, கோயில். 1940-ல் தொடங்கிய 'கபே மெட்ராஸ்' வாசலில் ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். செம்பூரில் சேடா நகர் முருகன் கோயிலுக்கும் வெளியார் வருகிறார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. நானும் அந்த வரிசையில் நின்று காபி குடிக்கிறவன்தான்.

ஆனால் ஒரே நகரத்தில், ஒரே மொழி பேசுகிறவர்களில், மாட்டுங்காக்காரர் ருசியாகவும் தாராவிக்காரர் ஏழ்மையாகவும் காட்டப்படுகிறார். மாட்டுங்காவில் வழிகாட்டி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கதவு இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். தாராவியில் கதவே சந்தில் இருக்கிறது.

தாராவியில் காட்ட நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், வேலை இருக்கிறது. மீனவக் கோலிகள் இருந்த சதுப்பு நிலத்தில் 1887-ல் முதல் தோல் பதனிடும் ஆலை வந்தது. அதைத் தொடர்ந்த ஆலைகளை நடத்தியவர்களிலும் அவற்றில் வேலை பார்த்தவர்களிலும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் ஏராளம். தமிழ் முஸ்லிம்கள் ஆலை வைத்தார்கள், நம் பாட்டன்மார் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை போட்டார்கள். ஆலைகள் தாராவியை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. பை, பெல்ட் தைக்கும் தொழில் நிற்கிறது. சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் போட்டு மேடாக்கியவர்கள் யார்? அரசாங்கமா? என் தாத்தா தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு கூடை மண் கொண்டு வந்து குடிசை முன்னால் கொட்டுவாராம். அந்த மேட்டின் மேல் நின்றுகொண்டு இன்று வழிகாட்டி விளக்கம் சொல்கிறான்.

புதிய தாராவியில் என்ன மிஞ்சும்?

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தாராவி மாறப்போகிறது. மறுசீரமைப்பு என்ற பேச்சு 2004-லிருந்து நடக்கிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு டெண்டர் எடுத்தது. 2023 ஜூலையில் மராட்டிய அரசு அதை உறுதி செய்தது. 2024 மார்ச்சில் கதவுகளில் எண் எழுதும் கணக்கெடுப்பு தொடங்கியது. 2025 மே மாதம் மாஸ்டர் பிளானுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்கு ஆதாரம் உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, மற்றவர்களுக்கு வேறு இடம் என்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு. மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீரில் நின்று சமைக்கிற வீட்டில், சந்தின் அழகைக் காப்பாற்றுங்கள் என்று நான் பேசினால் அத்தையே என்னைக் கரண்டியால் அடிப்பார். நல்ல வீடு வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை.

என் கேள்வி, எல்லாவற்றையும் இடித்துக் கோபுரம் கட்டிய பிறகு, இங்கே யார் இருந்தார்கள் என்று சொல்ல ஒரு சுவராவது மிஞ்சுமா என்பதுதான்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் கட்டடம் என்று ஒன்று இருக்கிறது. 1863-ல் கட்டியது. அரண்மனை அல்ல, நம் சால் போன்ற ஒண்டுக் குடித்தனக் கட்டடம். ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த தையல்காரர்களும் கூலிக்காரர்களும் அடுத்தடுத்து ஏறத்தாழ 7,000 பேர் அதில் குடியிருந்தார்கள். 1935-ல் வீட்டுக்காரர் மாடிகளைக் காலி செய்து பூட்டிவிட்டார். பல வருஷம் பூட்டியே கிடந்தது. 1988-ல் அதை அருங்காட்சியகமாக்கினார்கள். இன்று காசு கொடுத்து, சிறு சிறு குழுவாக, வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம். இந்த அறையில் இந்தக் குடும்பம் இருந்தது, இந்த மேஜையில் ரவிக்கை தைத்தார்கள், இந்த வருஷம் வேலை போயிற்று என்று பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அங்கே காட்டப்படுவதும் ஏழைகளின் வீடுதான். ஆனால் யாருடைய முகத்துக்கு நேராகவும் கேமரா நிற்பதில்லை. குடியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நல்ல வீடுகளில் இருந்துகொண்டு, தங்கள் பாட்டி இருந்த அறையைப் பார்க்க டிக்கெட் வாங்கி வரலாம். நம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த வசதி வேண்டாமா?

தாராவிக்கும் ஒரு முயற்சி நடந்தது. 2016-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த இருவர், ஒரு தள்ளுவண்டியையே அருங்காட்சியகமாக்கி, பானையும் துடைப்பமும் குவளையும் வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டு போனார்கள். நல்ல யோசனை. அது நமக்குத் தோன்றவில்லை, அங்கிருந்து வந்தவர்களுக்குத் தோன்றியது என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்டுவிடலாம். மறுசீரமைப்புத் திட்டத்தில் ஒரு பழைய சந்து, இரண்டு பக்கமும் நாலு வீட்டோடு, இடிக்காமல் நிற்கவேண்டும். கும்பார்வாடாச் சூளை ஒன்று எரியவேண்டும். காலா கில்லா துப்புரவாகவேண்டும். அங்கே வைக்கும் பலகை மராத்தி, ஆங்கிலம், இந்தியோடு தமிழிலும் குஜராத்தியிலும் இருக்கவேண்டும். வழிகாட்டிக்கு லைசென்ஸ் கொடுப்பதானால் தாராவிப் பிள்ளைகளுக்கே முதலிடம் வேண்டும், தேர்வில் பொங்கல் என்றால் என்ன என்று ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும். டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு எந்தச் சந்தில் நடந்தார்களோ அந்தச் சந்தின் சங்கத்துக்கு ரசீதோடு வரவேண்டும். நம் சங்கங்கள் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதில் காட்டும் சுறுசுறுப்பில் கால்வாசியை இதில் காட்டினால் மனு தயாராகிவிடும். (கோபித்துக்கொள்ளவேண்டாம். நானும் பொன்னாடைச் செய்தியை எழுதி அனுப்புகிறவன்தான்.)

அருங்காட்சியகம் என்று ஒன்று வந்தால் உள்ளே வைக்கப் பொருள் வேண்டுமே, அது எங்கே இருக்கிறது என்று அக்காள் மகன் கேட்டான். பரணைத் தேடினோம். தாத்தாவின் தோல் சுரண்டும் கத்தி அகப்பட்டது. இரண்டு பக்கமும் பிடி வைத்தது, நடுவில் தேய்ந்து வளைந்துபோனது. அப்பா அதைப் பழைய இரும்புக்குப் போட எடுத்து வைத்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் சந்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் பெயர், ஊர், வந்த வருஷம் என்று எழுதிக்கொண்டு வருகிறோம். எண்பது வயதுப் பெரியவர்தான் முதலில் சொன்னவர். திட்டிக்கொண்டேதான் சொன்னார். இதுவரை முப்பத்தொரு பெயர் சேர்ந்திருக்கிறது.

கணக்கெடுப்பு எண் எழுதிய வீடுகளைக் காலி செய்யும் நாள் வரும். அவசரத்தில் மூட்டை கட்டுவீர்கள். அப்போது தாத்தாவின் ஆலை பாஸ், சம்பளச் சீட்டு, பழைய போட்டோ, வெட்டுக் கத்தி, அம்மாவின் முதல் ரேஷன் கார்டு ஏதாவது அகப்பட்டால் பழைய பேப்பர்காரனிடம் எடை போட்டுவிடாதீர்கள். ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, மேலே பெயர் எழுதி வையுங்கள்.